லிஸ்பனை நடந்தே பார்க்க நினைப்பவர்களின் கேள்விகள்

போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனுக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை இரண்டே நாள். புகைப்படங்களில் பார்த்த இடங்களையெல்லாம் நேரில் ஒருமுறை பார்த்துவிட்டு ஊர் திரும்பினேன். அடுத்த இரண்டு பயணங்களிலும்தான் நின்று நிதானமாகச் சுற்றினேன். அப்போதுதான் ஊர் கொஞ்சம் பிடிபட்டது. போகப் போகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன்.

பாரிஸ், ரோம் எல்லாம் இருக்க, லிஸ்பனுக்கு ஏன் போக வேண்டும்?

நடந்து பார்ப்பதற்கென்றே அமைந்த ஊர் இது. தேஜு ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், குன்றுகளின் மேல் ஏறி இறங்கிக் கிடக்கிறது. ஒரு படிக்கட்டில் ஏறித் திரும்பினால் ஆறு தெரியும். அடுத்த சந்தில் அது மறைந்து, துணி காயும் கொடிகளும் யாரோ மீன் சுடும் வாசனையும் வரும். ரோமானியர், அரேபியர், கிறிஸ்தவ அரசர்கள் என்று ஒருவர் பின் ஒருவராக ஆண்டு, ஒரே காலையில் பாதி அழிந்து, மறுபடி எழுந்த ஊர். அந்த அடுக்குகளில் பலவும் தெருவில் நடக்கும்போதே கண்ணில் படும்.

எத்தனை நாள் வேண்டும்? எந்த மாதம் நல்லது?

குறைந்தது நான்கு முழு நாள். மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் நடக்க ஏற்றவை. ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் சேர்ந்து வாட்டும். குளிர்காலத்தில் மழை உண்டு. பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அன்றைக்குத் தெருக்களுக்கும் பூங்காக்களுக்கும் போங்கள்.

ஏழு குன்றுகள் என்கிறார்களே, வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

போகலாம், திட்டம் வேண்டும். ஏற்றத்தைவிட எனக்குக் கவலை தருவது தரைதான். நடைபாதை முழுக்கக் கையளவு வெள்ளைச் சுண்ணாம்புக் கற்களைப் பதித்து, கறுப்புக் கற்களால் கோலம் போட்டிருப்பார்கள். இதற்குக் கல்சாடா என்று பெயர். 1842இல் சாவ் ஜோர்ஜ் கோட்டையில் கைதிகளைக் கொண்டு தொடங்கிய வேலை, 1849இல் ரோசியு சதுக்கத்தில் அலையலையாக விரிந்து, பிறகு ஊரெங்கும் பரவியது. பார்க்க அத்தனை அழகு. ஆனால் லட்சக்கணக்கான கால்கள் தேய்த்துப் பளிங்காக்கிய கல் அது, மழை பெய்தால் வழுக்கும். ரப்பர் அடிப்பகுதி உள்ள, பிடிப்பான ஷூ கட்டாயம். புது ஷூவை அங்கே போய்ப் பழக்க நினைக்காதீர்கள்.

பெரியவர்களை மேலே கொண்டுபோக டிராமோ டாக்சியோ பிடித்துக்கொள்ளுங்கள், இறங்குவதை மட்டும் நடையாக வைத்துக்கொள்ளுங்கள். செங்குத்தான தெருக்களில் கம்பியில் இழுபட்டு ஏறும் பழைய பெட்டிகளும் உண்டு. 2025 செப்டம்பரில் அவற்றில் ஒன்றான குளோரியா தடத்தில் நேர்ந்த விபத்தில் 16 பேர் இறந்தார்கள். அதன் பிறகு மற்றவற்றையும் சோதனைக்காக நிறுத்தினார்கள். நீங்கள் போகும்போது எவை ஓடுகின்றன என்று பார்த்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

28ஆம் எண் டிராமில் ஏறியே ஆக வேண்டுமா?

ஆசை இருந்தால் ஏறுங்கள், நேரம் முக்கியம். மர்ட்டிம் மொனிஷ் நிறுத்தத்தில் காலை பத்து மணிக்குப் போய் நின்றால் ஒரு மணி நேர வரிசையும், உள்ளே மூச்சுவிட முடியாத நெரிசலும்தான் கிடைக்கும். ஜேப்படிக்காரர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. நான் சொல்வது: காலை எட்டு மணிக்கு முன்னால், மறுமுனையான காம்பு டி ஒரிக் பக்கத்திலிருந்து ஏறுங்கள். உட்கார இடம் கிடைக்கும். மரப்பலகை வேய்ந்த அந்தச் சின்ன மஞ்சள் பெட்டி, கோட்டைக் குன்றின் சரிவில் இருக்கும் அல்ஃபாமா என்ற பழைய பகுதியின் சந்துகளில் சுவரைத் தொட்டுவிடுவதுபோல வளைந்து போவதை நிம்மதியாக ரசிக்கலாம்.

அந்த முனையில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பெயர் ப்ரசெரிஷ், அதாவது 'இன்பங்கள்'! 1833இல் காலரா பரவியபோது உண்டானது. வீடுகள்போலக் கதவும் சன்னலும் வைத்துக் கட்டிய குடும்பக் கல்லறைகள், இருபுறமும் சைப்ரஸ் மரங்கள், நடுவில் தெருக்கள் என்று குட்டி ஊர்போலவே இருக்கும். கடைசி வரை நடந்தால் ஆற்றுப் பாலம் தெரியும். டிராமில் வருகிறவர்களில் பெரும்பாலோர் இறங்கியதும் அடுத்த வண்டிக்கு வரிசையில் நின்றுவிடுவார்கள். நீங்கள் உள்ளே போய்ப் பாருங்கள்.

1755 நிலநடுக்கம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது தெரியாமல் ஊரைப் பார்க்க முடியாதா?

பார்க்கலாம், புரியாது. ஏன் ஒரு பகுதித் தெருக்கள் சதுரங்கக் கட்டம்போல நேராகவும், பக்கத்துக் குன்றில் நூல்கண்டுபோலச் சிக்கியும் கிடக்கின்றன என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது.

1755 நவம்பர் 1, காலை ஒன்பதரை மணிக்கு மேல். அனைத்துப் புனிதர் திருநாள் என்பதால் மக்கள் கோயில்களில் கூடியிருந்தார்கள், பீடங்களில் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. நிலம் நடுங்கியது. தப்பித்தோம் என்று ஆற்றங்கரைத் திறந்தவெளிக்கு ஓடியவர்களைச் சிறிது நேரத்தில் ஆழிப்பேரலை வந்து அடித்தது. சாய்ந்த மெழுகுவர்த்திகளும் வீட்டு அடுப்புகளும் பற்றவைத்த தீ நாள்கணக்கில் எரிந்தது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அரச குடும்பம் அன்று நகருக்கு வெளியே பெலெமில் இருந்ததால் பிழைத்தது. அரசர் முதலாம் ஜோசேக்கு அதன் பிறகு கல் கட்டடத்துக்குள் படுக்கவே பயம். அஜுடா குன்றின்மேல் மரத்தாலும் துணியாலும் அமைத்த அரண்மனையிலேயே வாழ்ந்து முடித்தார்.

நகரை மறுபடி கட்டும் பொறுப்பு, பின்னாளில் பொம்பால் பிரபு ஆன அமைச்சரிடம் வந்தது. பாய்ஷா என்ற தாழ்வான பகுதியை நேர்நேர் தெருக்களாக எழுப்பினார்கள். சுவர்களுக்குள்ளே மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்துக் கூண்டு செய்து வைத்தார்கள், நிலம் ஆடினால் கட்டடம் கூடவே ஆடிக் கொடுக்கட்டும் என்று. மாதிரிக் கூண்டு ஒன்றைச் சுற்றிப் படைவீரர்களைத் தரை அதிர நடக்கவிட்டு அதைச் சோதித்ததாகச் சொல்வார்கள். நாட்டின் பங்குக் கோயில்களுக்கெல்லாம் கேள்வித்தாளும் போனது: நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் உள்வாங்கியதா பொங்கியதா, எத்தனை வீடுகள் விழுந்தன? நிலநடுக்க ஆய்வின் தொடக்கங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். 2004 டிசம்பரில் நம் கரையில் கடல் உள்வாங்கியதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு கார்மு மடத்துக்குப் போங்கள். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டத் தொடங்கிய கோயில், கூரை விழுந்த கோலத்திலேயே இன்றும் நிற்கிறது. விலா எலும்புகள்போல வளைவுகள், மேலே வெறும் வானம். வெளியே இருக்கும் சிறிய சதுக்கத்துக்கு இன்னொரு கதை உண்டு. 1974 ஏப்ரல் 25 அன்று படைவீரர்களும் மக்களும் அங்கே இருந்த காவல் தலைமையகத்தைச் சூழ்ந்துகொள்ள, பல பத்தாண்டுச் சர்வாதிகாரத்தின் கடைசிப் பிரதமர் மார்செலு கயித்தானு சரணடைந்தார். துப்பாக்கி முனைகளில் மக்கள் கார்னேஷன் பூச்செருகிய நாள் அதுதான்.

சுற்றுலாப் பயணிகள் தவறவிடும் மூலைகள் எவை?

முதலில் காலடிக்கு அடியில் இருப்பது. பாய்ஷாவில் குர்ரியெய்ருஷ் தெருவில் ஒரு வங்கிக் கட்டடம். அதன் தரைக்குக் கீழே ரோமானியர்கள் மீனை உப்பில் ஊறவைத்த தொட்டிகள் கிடக்கின்றன. பக்கத்திலேயே, ஈர மண்ணில் 18ஆம் நூற்றாண்டுக் கட்டடத்தைத் தாங்க அடித்து இறக்கிய மரக்கழிகள். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், கட்டணம் இல்லை. இதே பகுதியில் ப்ராட்டா தெருவுக்கு அடியில் ரோமானியர் கட்டிய கல் சுரங்க அறைகள் உள்ளன. எப்போதும் நீர் நிறைந்திருக்கும். வருடத்தில் ஓரிரு முறை நீரை இறைத்துவிட்டு, சில நாள்கள் மட்டும் மக்களை விடுவார்கள். உங்கள் பயணம் அதோடு ஒத்துவந்தால் விடாதீர்கள்.

அடுத்தது ரோசியுவுக்குப் பக்கத்தில் சாவ் டொமிங்குஷ் கோயில். வெளியே சாதாரணம். உள்ளே காலெடுத்து வைத்தால் நின்றுவிடுவீர்கள். 1959இல் தீப்பிடித்து, தூண்கள் வெடித்துச் சிதறிய நிலையில், காயங்களை மறைக்காமல் கூரையை மட்டும் போட்டு மறுபடி திறந்திருக்கிறார்கள். கருகிய செம்மண் நிறச் சுவர்கள். 1506 ஏப்ரலில், கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட யூதர்கள் மீதான படுகொலை தொடங்கியதும் இதே கோயிலில்தான். வெளிச் சதுக்கத்தில் தாவீதின் நட்சத்திரம் பொறித்த நினைவுக்கல் இருக்கிறது. தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

கிராசா குன்றில் வில்லா பெர்ட்டா என்று ஒரு சிறிய தெரு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய வரிசை வீடுகள், இரும்புக் கிராதி மாடங்கள், வாசல்தோறும் பூந்தொட்டி. மக்கள் குடியிருக்கும் தெரு அது, குரலைத் தாழ்த்திக்கொண்டு நடங்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் செனியோரா டு மோன்ட்டி என்ற மேட்டு முனை. மொத்த நகரமும் காலடியில் கிடக்கும். சூரியன் மறையும்போது கூட்டம் கூடும், நான் விடியலில் போனேன். ஓடுகளின் சிவப்பு மெதுவாகத் தெளிவதைப் பார்க்க என்னோடு இருந்தது ஒரு நாயும் அதன் எஜமானரும் மட்டுமே.

சுவர்களில் இருக்கும் நீல ஓவிய ஓடுகளை எங்கே பார்ப்பது? வாங்கலாமா?

அவற்றின் பெயர் அசுலேஜு. 'மெருகிட்ட சிறு கல்' என்னும் பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 1509இல் அரசி லியோனோர் தொடங்கிய மாத்ரி டி டேயுஷ் மடத்தில் இவற்றுக்கென்று தேசிய அருங்காட்சியகம் உள்ளது. அங்கே இருக்கும் ஓர் ஓட்டோவியத்துக்காகவே போகலாம். நிலநடுக்கத்துக்கு முந்தைய லிஸ்பனை ஆற்றிலிருந்து பார்ப்பதுபோல, ஏறக்குறைய 23 மீட்டர் நீளத்துக்கு, சுமார் 1700இல் வரைந்தது. அதில் உள்ள அரண்மனையும் கோயில்களும் இன்று இல்லை. புதுப்பிக்கும் வேலைக்காக மூடுவதும் உண்டு, திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வாங்குவதானால் புதிதாகக் கையால் தீட்டியதை வாங்குங்கள். செவ்வாய், சனிக்கிழமைகளில் சாந்த்தா கிளாரா திடலில் கூடும் பழம்பொருள் சந்தையில் பழைய ஓடுகள் ஒவ்வொன்றாக விற்பார்கள். அவற்றில் சில, பழைய வீட்டுச் சுவர்களிலிருந்து பெயர்த்துத் திருடியவையாக இருக்கலாம். நாம் ஒன்று வாங்கினால் ஒரு சுவரில் ஓட்டை விழும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

பட்டினி கிடக்க வேண்டாம், கேட்டுச் சாப்பிட வேண்டும். 'செம் கார்னி, செம் பெய்ஷி' என்றால் 'இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்' என்று அர்த்தம். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கால்து வெர்டி என்ற கீரை உருளைக்கிழங்கு சூப் பார்க்கச் சைவம்போல இருக்கும், ஆனால் அடியில் ஒரு துண்டு சோரீசு, அதாவது பன்றி இறைச்சித் தொத்திறைச்சி, கிடக்கும். சூப்பின் சாறு எதில் வெந்தது என்றும் கேளுங்கள்.

தேடிச் சாப்பிட வேண்டியது பெய்ஷின்யுஷ் ட ஓர்ட்டா. 'தோட்டத்து மீன்குஞ்சுகள்' என்று பொருள். மீனே கிடையாது, முழு பீன்ஸை மாவில் தோய்த்துப் பொரிப்பது. நம் பஜ்ஜிதான்! கிறிஸ்தவ நோன்பு நாள்களின் உணவாகக் கப்பலேறி ஜப்பானுக்குப் போய், அங்கே டெம்புரா உருவாக வழிசெய்தது இந்தப் பலகாரம் என்கிறார்கள். பீருக்குத் தொட்டுக்கொள்ள உப்புநீரில் ஊறிய மஞ்சள் நிறப் பருப்பு ஒன்று தருவார்கள், பெயர் த்ரெமோசு. தோலைப் பிதுக்கிவிட்டு வாயில் போட்டால் சுண்டல் நினைவு வரும். பூண்டு, கொத்தமல்லி, ஆலிவ் எண்ணெய், முட்டை சேர்த்து ரொட்டியைக் குழைத்துச் செய்யும் அசோர்டாவும் முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்றது, இறால் போடாததாகக் கேட்டு வாங்குங்கள். ஐரோப்பாவில் இத்தனை தாராளமாகப் பச்சைக் கொத்தமல்லி போடும் சமையலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அசைவம் உண்பவர்களுக்குப் பக்கல்யாவ். உப்பிட்டு உலர்த்திய காட் மீன். நம் கருவாடுபோலத்தான், ஆனால் ஓரிரு நாள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டுச் சமைப்பார்கள். இந்த நாட்டின் தேசிய மீன் இந்த நாட்டுக் கடலில் பிடிபடுவது இல்லை, வடக்கே குளிர்க்கடலிலிருந்து வருகிறது. முதல் முறை சாப்பிடுகிறவர்கள் பக்கல்யாவ் ஆ ப்ராஷ் கேளுங்கள். உதிர்த்த மீன், தீக்குச்சிபோல் நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு, முட்டை எல்லாம் சேர்ந்த பொடிமாஸ் அது. மதிய நேரம் தாஷ்கா எனப்படும் சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் அன்றைய சாப்பாடு என்று பலகையில் எழுதியிருப்பார்கள். அதுவே நல்ல விலை, நல்ல ருசி.

கேட்காமலே மேசையில் ரொட்டி, ஆலிவ் வைக்கிறார்களே, இலவசமா?

இல்லை. தொட்டால் கணக்கில் வரும். ஏமாற்று வேலை அல்ல, அங்கே அதுதான் வழக்கம். வேண்டாம் என்றால் சிரித்தபடி எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

பாஸ்டல் டி நாட்டா அவ்வளவு விசேஷமா?

ஆமாம். மொறுமொறுப்பான மாவுக் கிண்ணத்தில் முட்டை மஞ்சள்கருக் கலவையை ஊற்றிச் சுட்ட சின்ன இனிப்பு அது. மடங்களில் துணிக்குக் கஞ்சி போட முட்டை வெள்ளைக்கருவைப் பயன்படுத்தினார்களாம், மிஞ்சிய மஞ்சள்கருவெல்லாம் இனிப்பானது என்பார்கள். 1834இல் மடங்கள் மூடப்பட்டன. ஜெரோனிமுஷ் மடத்தின் செய்முறை கைமாறி, 1837 முதல் பெலெமில் உள்ள கடையில் விற்கிறது. அங்கே வரிசை நீளம். உள்ளே உட்கார்ந்து சாப்பிடும் வரிசை பெரும்பாலும் வேகமாக நகரும். மேலே பட்டைத்தூள் தூவிக்கொள்ளுங்கள். கூடவே ஒரு பிக்கா, அதாவது சின்னக் கோப்பையில் கெட்டிக் காபி. நம் ஃபில்டர் காபிபோலப் பால் வேண்டுமென்றால் மெய்யா டி லெய்ட்டி கேளுங்கள்.

ஃபாது இசை கேட்க எங்கே போவது?

யுனெஸ்கோ 2011இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகச் சேர்த்த இசை இது. துறைமுகத்து ஏழை மக்களிடம், மொராரியா, அல்ஃபாமா சந்துகளில் பிறந்தது. 1846இல் 26 வயதிலேயே இறந்த மரியா செவேராவை முதல் பெரும் பாடகியாக நினைக்கிறார்கள். உலகெங்கும் கொண்டுபோனவர் அமாலியா ரொட்ரிகிஷ். 12 கம்பிகள் கொண்ட போர்ச்சுகீசிய கித்தாரும் சாதாரண கித்தாரும் பக்கவாத்தியம், ஒலிபெருக்கி பெரும்பாலும் இருக்காது.

பெரிய ஃபாது விடுதிகளில் இரவு உணவோடு சேர்த்துக் குறைந்தபட்சத் தொகை கட்ட வேண்டும். நான் ஒரு மூலைத் தாஷ்காவில், அக்கம்பக்கத்துக்காரர்கள் எழுந்து பாடும் இரவில் போய் உட்கார்ந்தேன். விளக்கைக் குறைத்தார்கள், சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது, அதுவரை தட்டு எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் ஏப்ரனோடு கண்ணை மூடிக்கொண்டு பாடினார். ஒரு சொல்கூடப் புரியவில்லை, தொண்டை அடைத்தது. பாட்டு நடக்கும்போது பேசாதீர்கள், முள்கரண்டியைக்கூட வைத்துவிடுங்கள்.

தமிழுக்கும் லிஸ்பனுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

நீங்கள் தினமும் பேசுவதிலேயே உண்டு. சன்னல், சாவி, மேசை, அலமாரி, ஏலம், பீப்பாய், மேஸ்திரி, பாதிரி எல்லாம் போர்ச்சுகீசியர் நம் கரையில் விட்டுப்போன சொற்கள். ஈழத்தில் ரொட்டியைப் பாண் என்பார்கள், காலணியைச் சப்பாத்து என்பார்கள். பாய்ஷாவில் சபட்டெய்ருஷ் தெரு என்ற பெயர்ப்பலகையைப் பாருங்கள், சப்பாத்து தைப்பவர்களின் தெரு! பொற்கொல்லர், வெள்ளிக்கொல்லர், துணி வணிகர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் அங்கே ஒரு தெரு உண்டு.

போர்ச்சுகீசியர் இங்கிருந்து வெறுங்கையோடும் திரும்பவில்லை. மலையாளக் கரையில் கேட்ட மாங்காய் அவர்களுக்கு 'மங்கா' ஆனது. உடம்பு சரியில்லாதவர்களுக்கு லிஸ்பன் வீடுகளில் கொடுக்கும் கோழி அரிசி சூப்பின் பெயர் 'கான்ஜா'. நம் கஞ்சியேதான். அதை ஒரு கடைப் பலகையில் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. தமிழ் மொழியில் அச்சான முதல் நூல் வெளிவந்தது 1554 பிப்ரவரியில், லிஸ்பனில். கிறிஸ்தவ வேத பாடங்களைச் சொல்லும் சிறு நூல், தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டு, போர்ச்சுகீசிய மொழிபெயர்ப்போடு வந்தது. அதை உருவாக்கியவர்கள் நம் பக்கத்திலிருந்து அங்கே போயிருந்த விசெந்தி டி நசரே, ஜோர்ஜ் கர்வால்யு, தோமா ட குரூஷ் மூவரும். தமிழ் எழுத்திலேயே தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் அச்சானது அதற்கு 24 ஆண்டுகள் கழித்து, 1578இல்.

பெலெமில் வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது. நாம் பார்க்கத்தான் வேண்டுமா?

நான் பார்த்தேன். அந்தக் கல்லறை இருக்கும் ஜெரோனிமுஷ் மடம் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து, நூறு வருடம் செதுக்கிய கல் வேலை. கயிறும் நங்கூரமும் பவளமும் தூணெல்லாம் படர்ந்திருக்கும். அந்த அழகுக்குப் பணம் வந்தது நம் பக்கத்து மிளகில். காமா 1524இல் கொச்சியில் இறந்து முதலில் அங்கேதான் புதைக்கப்பட்டார், பிறகுதான் எலும்புகள் கடல் கடந்தன. 1502இல் மக்காவிலிருந்து திரும்பிய பயணிகள் கப்பலை ஆட்களோடு அவர் எரித்ததும் வரலாறு. கல்லின் வேலைப்பாட்டைக் கண்கொட்டாமல் பார்த்தேன், அந்தப் பெட்டிக்கு முன்னால் கைகூப்பத் தோன்றவில்லை. இரண்டும் உண்மையான உணர்ச்சிகள்தான் என்று நினைக்கிறேன்.

ஜூன் மாதத் திருவிழா எப்படி இருக்கும்?

ஜூன் 12 இரவு, புனித அந்தோணியாரின் திருநாளுக்கு முந்தைய இரவு, ஊரே தெருவில்தான். கச்சத்தீவிலும் புளியம்பட்டியிலும் கும்பிடும் அதே பதுவை அந்தோணியார் பிறந்தது லிஸ்பனில். பேராலயத்துக்குக் கீழே, அவர் பிறந்ததாகச் சொல்லும் இடத்தில் சிறு கோயில் இருக்கிறது. அன்று அல்ஃபாமா முழுக்க மத்தி மீன் சுடும் புகை, காகிதத் தோரணம், விடிய விடிய ஆட்டம்.

காதலிப்பவர்கள் ஒருவருக்கொருவர் மன்ஜெரிக்கு என்ற குட்டிச் செடியைத் தொட்டியோடு கொடுப்பார்கள். ஒரு காகிதப் பூவும் நாலு வரிப் பாட்டும் செருகியிருக்கும். நம் திருநீற்றுப்பச்சிலைக்கு நெருங்கிய சொந்தம் அது. மூக்கை வைத்து முகரக் கூடாது, வாடிவிடும் என்பார்கள். உள்ளங்கையால் மெல்லத் தடவி, கையை முகர வேண்டும்.

தங்குவது எங்கே? பயமில்லாமல் சுற்றலாமா?

கிராசா, காம்பு டி ஒரிக் பகுதிகளில் ஊர்க்காரர்களின் வாழ்க்கையோடு இருக்கலாம். அல்ஃபாமாவில் பல வீடுகள் சுற்றுலா அறைகளாக மாறி, தலைமுறைகளாக இருந்தவர்கள் வாடகை தாங்காமல் வெளியேறிவிட்டார்கள். முடிந்தவரை ஓட்டலில் தங்குங்கள். 2024 செப்டம்பர் முதல் ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ சுற்றுலா வரி உண்டு. ஜேப்படி தவிரப் பெரிய பயம் இல்லை, பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு மாலைதான் மிச்சம். என்ன செய்ய?

காய்ஷ் டு சோட்ரே படகுத்துறைக்குப் போய்க் கசில்யாஷ் போகும் படகில் ஏறுங்கள். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களின் படகு. பத்து நிமிடம்தான். அக்கரையில் இறங்கினால் வலதுபக்கம் ஆற்றை ஒட்டியே, பாழடைந்த கிடங்குகளைக் கடந்து, பாலத்தை நோக்கிப் போகும் பாதை உண்டு. கட்டடங்கள் இடிந்து விழும் ஆபத்தால் 2025இல் அதை மூடினார்கள், திறந்திருந்தால் மட்டும் நடங்கள். எதிரே லிஸ்பன் முழுவதும் தெரியும்: இடதுபக்கம் பாலம், நடுவே நேர்கோட்டுப் பாய்ஷா, அதற்கப்பால் கோட்டைக் குன்றின் சரிவில் அல்ஃபாமா. விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசிப் படகு எப்போது என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டு திரும்புங்கள்.